திண்ணைக்கு அனுமதி இல்லை



நம் கும்பகோணத்துச் சாரங்கபாணி சந்நிதித் தெருவுக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள், கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீட்டைப் பார்க்க. சின்ன வீடு. தெருவை ஒட்டித் திண்ணை. அங்கே சிலேட்டும் கையுமாகத்தான் அந்தப் பிள்ளை கணக்குப் போட்டது. அப்படியொரு வீட்டை இன்றைக்குப் புதிதாகக் கட்ட வரைபடம் கொடுத்துப் பாருங்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள்!

2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், வீட்டுக்கு முன்னால் இடம் விடச் சொல்கின்றன. தொடர் கட்டடப் பகுதி என்று குறித்த இடங்களில் பக்கச் சுவர்கள் ஒட்டலாம். அங்கேயும் முன்னால் ஒன்றரை மீட்டர் விட வேண்டும். விட்ட இடம் என்ன ஆகிறது? காம்பவுண்டுச் சுவர் எழும்புகிறது. இரும்பு கேட் வருகிறது. உள்ளே கார் நிற்கிறது. அந்தக் கார் ஏறி இறங்கத் தெருவுக்குள் சிமென்ட் சரிவு நீளுகிறது. நடக்கிறவர் நடுத்தெருவுக்குத் தள்ளப்படுகிறார். கோயிலுக்குப் போகிற பாட்டி கால் வலித்தால் உட்கார ஒரு திண்ணை கிடையாது.

பழைய தெருவில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். யார் எந்தத் தெருவில் நடக்கலாம், எவர் திண்ணையில் எவர் உட்காரலாம் என்று சாதி பார்த்து வகுத்த கொடுமை அங்கே இருந்தது. அதை எதிர்த்துப் போராடித்தான் தெருவை எல்லோருக்கும் திறந்தோம். எல்லோரும் நடக்கலாம் என்று ஆன பிறகு நிழலையும் திண்ணையையும் பிடுங்குவது என்ன நியாயம்?

தீயணைப்பு வண்டி வர வேண்டாமா என்பார்கள். வர வேண்டும். அதற்குத் தெரு அகலம் வேண்டும். ஒவ்வொரு வீடும் மதிலுக்குள் பூட்டி வைத்திருக்கும் ஐந்தடியில் எந்த வண்டி வரும்? காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் நம் வீடுகளில் முற்றம் இருந்ததே!

பழைய தெருவை இடிக்காமலே சீராக்கலாம். 1915-லேயே பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் பக்கத்துத் தஞ்சாவூரைப் பார்த்து அறிக்கை எழுதினார். நேர்சாலை போடுவதற்காக வீடுகளை வரிசையாக இடிக்காதீர்கள், தேவையான இடத்தில் மட்டும் கைவையுங்கள் என்றார். புதுச்சேரியில் வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளைச் சீர்செய்தார்கள். அந்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

நாம் மாநகராட்சியிடம் கேட்பது இதுதான். சந்நிதித் தெருக்களையும் கோயிலைச் சுற்றியுள்ள மடவிளாகங்களையும் தனியாகக் குறித்து, அங்கே சொந்த மனைக்குள் தெருவோரம் திண்ணை கட்ட அனுமதி வாங்கிக் கொடுங்கள். முன்னால் விடச் சொல்லும் இடத்தை முற்றமாக உள்ளே விடுகிறோம். காருக்குத் தெருமுனையில் பொது இடம் ஒதுக்குங்கள். மனு வாசல் மேஜையில் இருக்கிறது. இடிக்க நாள் குறித்த வீடுகள் ஊரில் இருக்கின்றன. இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள்.