அமெரிக்க நகரங்களின் அமைப்பு



சில நாட்களுக்கு முன்னர் எமது பாடசாலையின் வகுப்பறைச் சுவரிலே இரண்டு நகரப் படங்களை மாட்டியிருந்தேன். ஒன்று வியன்னா, மற்றையது நியூயோர்க். அவற்றை உற்றுநோக்கிய மாணவி ஒருத்தி, "ஐயா, முதலாவது நகரம் சிலந்தி வலைபோல் இருக்கிறது. இரண்டாவது எங்கள் கணக்குக் கொப்பியின் கட்டங்களைப்போல் இருக்கிறதே, ஏன்?" என்று வினவினாள். அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இன்றைய எனது பேச்சாகும்.

ஐரோப்பாவின் பழைய நகரங்கள் பலவற்றுக்கு முதலில் எல்லை வகுத்தது மதில். பகைவருக்கு அஞ்சிய மக்கள் அதனுள்ளே நெருங்கி வாழ்ந்தனர். தேவாலயமும் சந்தையும் நகர மண்டபமும் நடுவே நின்றன. தெருக்கள் வளைந்து நெளிந்து அவற்றை நாடிச் சென்றன. வியன்னாவின் மதிலை அகற்றுமாறு 1857 ஆம் ஆண்டிலே பேரரசர் ஆணை பிறப்பித்தார். மதில் நின்ற இடத்தில் அகன்ற சுற்றுவீதி எழுந்தது. மதில் மறைந்த பின்னரும் அதன் வடிவம் நகரத்தை விட்டு மறையவில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் நகரங்களுள் மிகப் பல இவ்வாறு வளர்ந்தவை அல்ல, அளந்து வகுக்கப்பட்டவை. 1682 ஆம் ஆண்டில் வில்லியம் பென் பிலடெல்பியாவை இரண்டு ஆறுகளுக்கிடையே நேர்கோட்டுத் தெருக்களாக வகுப்பித்தார். 1785 ஆம் ஆண்டுச் சட்டம் மேற்குப் பிரதேச நிலத்தை ஆறு மைல் சதுரங்களாக அளந்து விற்பதற்கு வழி செய்தது. 1811 இல் நியூயோர்க்கின் மன்ஹற்றன் தீவுக்கு 12 பெருவீதிகளும் 155 குறுக்குத் தெருக்களும் வரையப்பட்டன. அக்காலத்தில் நகரமோ பெரும்பாலும் தீவின் தென்முனையில் மட்டுமே இருந்தது! குடிகள் வருவதற்கு முன்னரே கோடுகள் வந்துவிட்டன. நேரிய பக்கங்களையுடைய வீடுகளே குறைந்த செலவில் கட்டத்தக்கவை என்பது திட்டம் வகுத்தோர் கூறிய நியாயம். அளப்பதற்கும் விற்பதற்கும் கட்டமே எளிது.

இனி, நகரத்தின் உயரத்தைப் பார்ப்போம். பாரிஸ் நகரின் நடுப்பகுதியிலே கட்டடங்களின் உயரத்தை விதிகள் கட்டுப்படுத்தின. ஆதலால் அங்கே கூரைகள் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் அமைந்தன. சிக்காகோவிலோ 1885 இல் உலோகச் சட்டகத்தைத் தாங்கியாகக் கொண்ட பத்து மாடிக் கட்டடம் எழுந்தது. ஆட்களை ஏற்றியிறக்கும் தூக்கியும் துணைசெய்ய, அமெரிக்க நகரங்களின் நடுவே கோபுரங்கள்போல் அலுவலகங்கள் உயர்ந்தன. வாஷிங்டன் இதற்கு விலக்கு. 1910 ஆம் ஆண்டுச் சட்டம் அதன் உயரத்துக்கு வரம்பிட்டது.

நடுவே வானளாவிய நகரம் சுற்றிலும் தாழ்ந்து பரந்தது எவ்வாறு? 1888 இல் றிச்மண்ட் நகரில் மின்சார டிராம் வண்டிச் சேவை வெற்றிகரமாகத் தொடங்கியது. பின்னர் மோட்டார் வண்டி வந்தது. ஆயினும் வண்டி மட்டும் நகரத்தைப் பரப்பிவிடவில்லை. சட்டமும் பணமும் உடன் நின்றன. 1934 முதல் அரசாங்கம் வீட்டுக் கடன்களுக்குக் காப்புறுதி அளித்தது. 1956 ஆம் ஆண்டுச் சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலைக்குத் திட்டமிட்டு, செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மத்திய அரசாங்கத்தின் பொறுப்பாக்கியது. தனி வீடன்றி வேறெதுவும் கட்டலாகாது என ஊர்கள் பல வலய விதி செய்தன. அத்தகைய விதிகள் செல்லும் என 1926 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கடை ஓரிடம், வீடு வேறிடம், தொழில் மற்றோரிடம் என்றானபின், ஒரு பாண் வாங்குவதற்கும் வண்டி வேண்டியதாயிற்று. இங்கிலாந்திலோ லண்டனைச் சூழ்ந்த பசுமை வளையம் நகரம் பரவுவதைத் தடுத்தது.

இவ்வமைப்பின் துயரமான பக்கம் ஒன்றுண்டு. பாரிஸில் செல்வர் பலர் நடுநகரிலே தங்கினர். ஏழைகள் பலர் புறநகரை நாடினர். அமெரிக்காவிலோ வசதியுடையோர் வெளியேற, வறியோர் நடுவே எஞ்சினர். இது அவரவர் விருப்பம் மட்டுமன்று. நியூயோர்க்குக்கு அருகே 1947 இல் தோன்றிய லெவிற்றவுண் குடியிருப்பின் தொடக்ககால ஒப்பந்தம், வெள்ளையரல்லாதோர் வீட்டு வேலையாளராக அன்றி அங்கு வாழலாகாது என விதித்தது. நகரங்களின் உள்ளேயோ, புதிய நெடுஞ்சாலைகள் கறுப்பின மக்களின் குடியிருப்புகள் பலவற்றை ஊடறுத்துச் சென்றன. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டை 1968 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. சட்டத்தை ஒரு நாளில் மாற்றலாம். கட்டிய நகரத்தை மாற்றத் தலைமுறைகள் வேண்டும்.

எனினும், மாற்றமே இயலாதென்று கூறுவதற்கில்லை. 1989 ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலே சேதமுற்ற சான் பிரான்சிஸ்கோவின் கடலோர மேம்பாலச் சாலையை மீளக் கட்டாது அகற்றினர். நகரமும் கடலும் மீண்டும் ஒன்றையொன்று கண்டன. 2019 இல் ஒறிகன் மாநிலம், தனி வீடுகளுக்கெனவே ஒதுக்கப்பட்ட நகரப் பகுதிகளில் இரு குடும்பங்கள் வாழும் வீடுகளையும் கட்டுவதற்கு இடமளித்தது.

என் மாணவிக்கு நான் கூறிய விடை இதுதான்: "பிள்ளாய், கட்டங்கள் நல்லவையும் அல்ல, தீயவையும் அல்ல. கொப்பியிலே கட்டம் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் அதிலே கணக்கை எழுதுவது நாம். யார் யாருக்கு அயலவராய் வாழ்வது என்ற கணக்கை அங்கே மனிதரே எழுதினர். பிழையாக எழுதியதைத் திருத்த வேண்டியவரும் மனிதரே."