நீட்டிய கைகள்

இல்லறத்தில் நேரும் பிறழ்வைப் பொருளாகக் கொண்ட திரைப்படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வருவோர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றே: குற்றம் யாருடையது? கணவன் கொடியவன், அல்லது மனைவி வழுவினாள், அல்லது இடையில் வந்தவன் வஞ்சகன் என ஏதேனும் ஒரு தீர்ப்புக் கிடைத்துவிட்டால் மனம் ஆறிவிடுகிறது. அத்தகைய தீர்ப்பைத் தர மறுக்கும் படங்களும் உள. வங்காள நெறியாளர் சத்யஜித் ரே 1964ஆம் ஆண்டில் அளித்த ‘சாருலதா’ அவற்றுள் தலையாயது. 1901ஆம் ஆண்டில் வெளியான இரவீந்திரநாத தாகூரின் நெடுங்கதையே அதற்கு மூலம். சிதைந்த கூடு என்பது அக்கதைத் தலைப்பின் பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் பூபதி என்னும் செல்வர் ஆங்கில அரசியற் பத்திரிகையொன்றை நடத்துகிறார். நல்லவர், ஆனால் அச்சுக்கூடமே அவருக்கு உலகம். மனைவி சாரு கற்றவள், மகப்பேறு இல்லாதவள். அவளுடைய இலக்கிய ஆர்வத்தை வளர்க்குமாறு, தம்பி முறையினனான அமலைக் கேட்டுக்கொள்பவரும் பூபதியே.

படத்தின் தொடக்கத்தில் ஏறக்குறைய உரையாடலே இல்லை. கணவன் பெயரின் முதலெழுத்தைத் துணியில் தைத்து முடித்த சாரு, நாடகக் கண்ணாடியைக் கையிலெடுத்துச் சாளரம் சாளரமாகச் சென்று தெருவை நோக்குகிறாள். புத்தகத்தில் மூழ்கிய பூபதி அவளைக் காணாமலே கடந்து போகிறார். சாரு அக்கண்ணாடியை உயர்த்தி, அகன்று செல்லும் கணவனின் முதுகை நோக்குகிறாள். ஒரே வீட்டிலுள்ள கணவரைக் காண்பதற்கும் தொலைநோக்கு வேண்டியிருக்கிறது! பிற்பாடு தோட்டத்து ஊஞ்சலில் இருந்தவாறு அதே கண்ணாடியால் அயல்வீட்டில் குழந்தையோடு நிற்கும் பெண்ணைக் காண்கிறாள். பின்னர் அதை அமலின் பக்கம் திருப்புகிறாள். அவள் ஏங்குவது மகவுக்கா, துணைக்கா, காதலுக்கா? படம் பிரித்துச் சொல்லவில்லை. அவளாலும் அதைப் பிரித்தறிய இயலவில்லை என்பதே பொருத்தமான விளக்கம். குறிப்பாற் பொருளுணர்த்தும் இம்முறை அகப்பாடல் பயின்றோர்க்குப் புதியதன்று.

அமலையும் வஞ்சகன் எனல் ஆகாது. சாருவின் தமையன் பத்திரிகைப் பணத்தைக் கையாடிச் சென்றபின், நம்பிக்கை சிதைந்த பூபதி தம் துயரை அமலிடமே கொட்டுகிறார். அதைக் கேட்டவன் தானும் அதே துரோகத்தின் விளிம்பில் நிற்பதை உணர்ந்து, கடிதமொன்றை வைத்துவிட்டு அன்றிரவே வீட்டை நீங்குகிறான்.

மூலக்கதையில் ஒரு சான்று உண்டு. சாரு நகையை அடகு வைத்து அமலுக்கு இரகசியமாகத் தந்தி அனுப்புகிறாள். மறுமொழித் தந்தி கணவன் கைக்கு வந்துவிடுகிறது. ரே அத்தந்தியை நீக்கிவிட்டார். படத்தில் பூபதி காண்பது, அமலின் கடிதம் வந்த நாளில் தனிமையில் கதறும் மனைவியை மட்டுமே. குற்றமென்று சுட்டுதற்குரிய செயல் மறைந்து, அழுகை மட்டும் எஞ்சுகிறது. அழுகைக்கு யார் தீர்ப்புக் கூறுவது?

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. முடிவைத் திறந்து விடுதல் என்பது, எப்பொருளையும் ஏற்றிக்கொள்ளலாம் என்பதன்று. அவள் அமலை விரும்பவில்லை என்று வாதிடப் படம் இடங்கொடுக்கவில்லை. பூபதிக்கு அதிற் பங்கில்லை என்பதற்கும் இடமில்லை. நடந்தவை தெளிவு, இனி நடப்பதே அறியவொண்ணாதது.

கதையில் பூபதி மைசூருக்குப் புறப்படுகிறார். தன்னையும் அழைத்துச் செல்லுமாறு சாரு வேண்டும்போது தயங்குகிறார். அவர் இசையும்போதோ அவள் மறுத்துவிடுகிறாள். ரே இம்முடிவையும் மாற்றினார். மூலத்திலிருந்து விலகினார் என்று வங்கத்தில் எழுந்த குறைகூறலுக்கு அவரே விரிவாக மறுமொழி எழுதியதும் உண்டு. 1965ஆம் ஆண்டில் பேர்லின் விழா அவருக்குச் சிறந்த நெறியாளர் விருதை வழங்கியது.

படத்தில், வண்டியில் அலைந்து திரிந்த பூபதி இரவில் வீடு திரும்புகிறார். சாரு வாயிலில் நின்று உள்ளே வருமாறு கையை நீட்டுகிறாள். அவரும் நீட்டுகிறார். இரு கைகளும் கூடுமுன் படம் அசைவிழந்து நிற்கிறது. அவள் முகம், அவர் முகம், விளக்கேந்திய பணியாளன் என உறைந்த காட்சிகள் ஒவ்வொன்றாய் வருகின்றன. கைகளுக்கிடையே சிறிதளவு வெளி. திரையில் தாகூரின் கதைத் தலைப்பு. நீட்டிய கையை மட்டும் கண்டோர் இணக்கம் என்றனர். தலைப்பை மட்டும் படித்தோர் முறிவு என்றனர். ரே இரண்டையும் ஒரே திரையில் வைத்திருக்கிறார்.