எஞ்சின் பின்னால் இருக்கும் ரயில்

(வட்டார வள மையப் பயிற்சியில் ஆற்றிய உரை)



மாணவர்களின் பயம் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு மாணவியின் பயம்தான். அதுவும் வகுப்பறையில் புரியவில்லை, ரயிலில்தான் புரிந்தது.

குன்னூர்ப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் பள்ளி எங்களுடையது. மலை ரயிலின் கூவலை தினமும் கேட்கும் பிள்ளைகள். பெரும்பாலோர் அதில் ஏறியதில்லை. சென்ற ஆண்டு ஆறாம் வகுப்பை அழைத்துக்கொண்டு, விடியும் முன் பேருந்தில் மேட்டுப்பாளையம் போய், காலை 7.10 வண்டியைப் பிடித்தோம்.

ஒருத்தி மட்டும் ஏற மறுத்தாள். வகுப்பிலும் அப்படித்தான். வாசிக்க எழுப்பினால், "வயிறு வலிக்குது சார்" என்பாள். "என் பாடவேளையில் மட்டும் வலிக்குமா?" என்று எல்லோர் முன்னும் கேட்டிருக்கிறேன். வகுப்பு சிரிக்கும். அவள் தலைகுனிந்து நிற்பாள்.

கையைப் பிடித்து ஏற்றி, பக்கத்தில் உட்கார வைத்தேன். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் தொடங்குகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் சுமார் 12 அடி நகர்ந்தால் ஓர் அடி ஏற்றம். எஞ்சினின் பற்சக்கரம் சட்டத்தைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் வந்த பாதை. மொத்தம் 16 சுரங்கங்கள். ஒவ்வொன்றிலும் மற்ற பிள்ளைகள் கூச்சலிட, இவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

திடீரென்று கேட்டாள்: "சார், எஞ்சின் பின்னாடி இருந்து தள்ளுதே, டிரைவருக்கு முன்னாடி இருக்கிறது எப்படித் தெரியும்?"

இத்தனை வருடம் இங்கே இருந்தும் நான் யோசித்ததில்லை. ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்தபோது, முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேனிடம் அவளையே கேட்கச் சொன்னேன். அவர் கையிலிருந்த இரண்டு கொடிகளைக் காட்டினார்.

"நான் பார்க்கிறேன் பாப்பா, அவர் ஓட்டுறார். பச்சை காட்டினா வருவார். சிவப்பு காட்டினா நிறுத்திடுவார்."

"ஏன்னு கேட்க மாட்டாரா?"

"முதல்ல நிறுத்துவார். அப்புறம்தான் கேட்பார்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வயிற்றுவலிதான் அவள் காட்டிய சிவப்புக் கொடி. நான் ஒருமுறைகூட நிறுத்தியதில்லை. ஏன் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் வகுப்பில் ஆளுக்கு ஒரு சிவப்பு அட்டை, ஒரு பச்சை அட்டை. வாசிக்கும்போது சிவப்பை மேசையில் வைத்தால் நான் நிறுத்திவிட வேண்டும். காரணத்தைப் பிறகு தனியாகக் கேட்கலாம். மூன்று பையன்கள் கணக்குப் பாடவேளை முழுக்கச் சிவப்பையே வைத்திருந்தார்கள். கணக்கு ஆசிரியர் என்னிடம் சண்டைக்கு வந்தார். அவர் கோபம் நியாயம்தான்.

அவள் முதல் இரண்டு வாரம் சிவப்பை எடுக்கவே இல்லை. அட்டை இருந்ததால் வயிறும் வலிக்கவில்லை. தனியாகக் கேட்டபோதுதான் சொன்னாள்: கூட்டெழுத்து வந்தால் வரி கலைந்துவிடுமாம்; எல்லோரும் பார்ப்பார்களாம். மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினோம்.

போன வெள்ளிக்கிழமை அவள் மேசையில் பச்சை இருந்தது. எழுந்தாள். விரலை வைத்து ஒன்பது வரி வாசித்தாள். பத்தாவது வரியில் சிவப்பை எடுத்து வைத்தாள். நிறுத்தினேன்.