அரை மணி நேரமும் ஐந்து கதைகளும்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் இடம்பெறுகிறது.)



போன கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நெட்ஃபிளிக்ஸில் வந்த ஒரு தொடரைப் பற்றிப் பேச்சு வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கப்பலில் காணாமல் போன அமெரிக்கப் பெண் ஏமி பிராட்லியின் கதை. ‘கடத்திட்டாங்க சார், சந்தேகமே இல்லை’ என்றார் ஒருவர். ‘தவறி விழுந்திருப்பாள், இதுக்குப் போய் மூணு எபிசோடா?’ என்றார் இன்னொருவர். டீ ஆறிப்போகும் வரை வாக்குவாதம் ஓடியது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசச் சொன்னார் செயலாளர். ஒப்புக்கொண்டேன். அதற்கு வேறொரு காரணமும் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். யாரும் மறுக்காத விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

1998 மார்ச் மாதம். வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம், அப்பா, அம்மா, மகள், மகன் என்று நான்கு பேர், போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்தில் ‘ராப்சடி ஆஃப் தி சீஸ்’ என்ற சொகுசுக் கப்பலில் ஏறுகிறார்கள். மகள் ஏமிக்கு 23 வயது. கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர், உயிர்காக்கும் நீச்சல் பயிற்சி பெற்றவர். கப்பல் அரூபா தீவுக்குப் போய்விட்டு, குராசோ தீவை நோக்கிச் செல்கிறது.

மார்ச் 23 இரவு ஏமியும் தம்பியும் கப்பலின் நடனக் கூடத்தில் இருந்தார்கள். தம்பி அறைக்குத் திரும்பியது அதிகாலை 3.35க்கு. ஐந்து நிமிடம் கழித்து ஏமியும் வந்தார். இதைச் சொல்வது கதவின் மின்னணுப் பூட்டில் பதிவான நேரம், யாருடைய ஞாபகமும் அல்ல. இருவரும் பால்கனியில் உட்கார்ந்து பேசினார்கள். தம்பி தூங்கப் போய்விட்டார். ஐந்தேகால், ஐந்தரை மணி வாக்கில் அப்பாவுக்கு விழிப்பு வந்தது. பால்கனி சாய்வு நாற்காலியில் மகளின் கால்கள் தெரிந்தன. சரி, தூங்குகிறாள் என்று மறுபடி படுத்தார். ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால் மகள் இல்லை. சிகரெட்டும் லைட்டரும் கூட இல்லை.

நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த அரை மணி நேரத்தில் நடந்ததைப் பார்த்த கேமரா எதுவும் இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் இத்தனை ஆண்டுகளாக ஐந்து கதைகள் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். எந்தக் கதையிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது எதை விளக்குகிறது? எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது?

முதல் கதை: தவறி விழுந்தார். விடிய விடியக் கொண்டாட்டம், மது, அசையும் கப்பல், பால்கனி. எல்லாவற்றையும் விட எளிமையான விளக்கம் இதுதான். ‘நீச்சல் தெரிந்தவர் ஆயிற்றே’ என்று மறுப்பவர்கள் உண்டு. எட்டாவது தளத்திலிருந்து விழுந்தால் தண்ணீர் தண்ணீராக இருப்பதில்லை, தரை மாதிரி அடிக்கும். அந்த இருட்டில் கப்பலும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே அந்த மறுப்பு பெரிய மறுப்பு அல்ல. ஆனால் விழும் சத்தத்தைக் கேட்டதாக யாரும் சொல்லவில்லை. நெதர்லாந்து ஆன்டிலிஸ் கடலோரக் காவல் படை நான்கு நாள் ஹெலிகாப்டரும் விமானமும் வைத்துத் தேடியும் ஒரு துணி கூடக் கிடைக்கவில்லை. கடலில் உடல் கிடைக்காமல் போவது அபூர்வமும் இல்லை. எனவே இந்தக் கதையை நிரூபிக்கவும் முடியவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை.

இரண்டாவது: தானே குதித்தார். குடும்பம் இதை ஏற்கவே இல்லை. புது வேலை, புது வீடு என்று வாழ்க்கையைத் தொடங்கும் நேரம் அது. கடிதம் எதுவும் கிடைக்கவில்லை. மனித மனத்தை யாரும் முழுதாக அறிய முடியாதுதான். ஆனாலும் இந்தக் கதைக்கு ஆதாரம் என்று எடுத்து வைக்க ஒன்றும் இல்லை.

மூன்றாவது: கப்பலிலேயே யாரோ ஏதோ செய்துவிட்டார்கள். அன்றிரவு ஏமி கப்பலின் இசைக்குழு உறுப்பினர் ஒருவரோடு நடனமாடியிருந்தார். தான் ஒரு மணிக்கே போய்விட்டதாக அவர் சொன்னார். விடிகாலையில் அந்த இருவரையும் சேர்த்துப் பார்த்ததாகச் சில பயணிகள் சொன்னார்கள். எஃப்.பி.ஐ. விசாரித்தது. அவர் மேல் இன்று வரை எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவேன்.

நான்காவது: கடத்தப்பட்டு விற்கப்பட்டார். பலரும் நம்பும் கதை இது. காரணம், பார்த்ததாகச் சொன்னவர்கள். 1998 ஆகஸ்டில் குராசோவின் ஒரு கடற்கரையில், ஏமியைப் போலவே பச்சை குத்திய பெண்ணைப் பார்த்ததாகக் கனடா நாட்டு முக்குளிப்பாளர் ஒருவர் சொன்னார். 1999இல் ஒரு விடுதியில் ஒரு பெண் தன் பெயர் ஏமி பிராட்லி என்று சொல்லி உதவி கேட்டதாக அமெரிக்கக் கடற்படை வீரர் ஒருவர் சொன்னார். ஆனால் அதை அவர் வெளியே சொன்னது பணி ஓய்வு பெற்ற பிறகுதான். 2005இல் பார்படாஸில் ஒரு கடையின் கழிவறையில் பார்த்ததாக ஒரு பெண் சொன்னார். இணையத்தில் ஒரு படமும் கிடைத்தது.

இவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நல்லெண்ணத்தோடு பார்த்த கண்ணும் தவறாகப் பார்க்கும். தொலைக்காட்சியில் ஒரு முகத்தைப் பார்த்த பிறகு, எப்போதோ பார்த்த முகத்தின் மேல் அதை ஒட்டவைப்பது மனித ஞாபகத்தின் வழக்கம். அதே சமயம், பச்சை குத்தல் போன்ற அடையாளத்தைச் சொல்லும்போது சட்டென்று தள்ளிவிடவும் மனம் வருவதில்லை. எதுவும் உறுதியாகவில்லை என்பதே இன்றைய நிலை.

ஐந்தாவது: தானாகவே எங்கோ போய்ப் புது வாழ்க்கை வாழ்கிறார். இத்தனை நெருக்கமான ஒரு மகள், கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் இருப்பாரா என்ற கேள்விக்கு இந்தக் கதையிடம் பதில் இல்லை.

இந்த ஐந்தில் எது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கேட்க விரும்புவது வேறு: ஐந்து கதைக்கு இடம் எப்படிக் கிடைத்தது?

ஆறு மணிக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். பயணிகளை இறக்க வேண்டாம், எல்லோரையும் அழைத்து அறிவிப்புக் கொடுங்கள் என்று குடும்பம் கெஞ்சியது. இவ்வளவு காலையில் எல்லோரையும் எழுப்ப முடியாது என்று பதில் வந்தது. எட்டு மணிக்குச் சற்று முன்புதான் ஏமியின் பெயரை ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். அதற்குள் குராசோவில் பயணிகள் பலர் இறங்கி ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். கப்பலைச் சோதித்ததே நண்பகலுக்கு மேல். உள்ளே இருக்கிறாரா, இறங்கினாரா, கடலில் விழுந்தாரா என்று பிரித்துச் சொல்லக்கூடிய ஒரே வாய்ப்பு அந்தக் காலைப் பொழுதில் கைநழுவியது. அந்த வெற்றிடத்தில் கதைகள் வந்து உட்கார்ந்தன.

கதைகளுக்கு விலையும் உண்டு. ஏமி இருக்குமிடம் தெரியும், ஆட்களை அனுப்பி மீட்டு வருகிறேன் என்று ஒருவர் அந்தக் குடும்பத்தை நம்பவைத்தார். குடும்பத்திடமிருந்தும், அவர்களுக்கு உதவிய ஓர் அமைப்பிடமிருந்தும் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் போனது. எல்லாம் பொய். 2002இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். பெற்ற மனதின் நம்பிக்கையை விட எளிதாக ஏமாற்றக்கூடியது உலகத்தில் எதுவும் இல்லை.

2010 மார்ச் 24, சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஏமி சட்டப்படி இறந்தவராக அறிவிக்கப்பட்டார். ஆனால் எஃப்.பி.ஐ. கோப்பை மூடவில்லை. தகவல் தருபவருக்கு 25,000 டாலர் பரிசும் அறிவித்திருக்கிறது.

‘ஒரு போலீஸ் ஒழுங்காக விசாரித்திருந்தால் தெரிந்திருக்குமே’ என்று நீங்கள் கேட்கலாம். கடலில் அது அத்தனை சுலபமில்லை. கம்பெனி ஒரு நாட்டில், கப்பல் பறக்கவிடும் கொடி இன்னொரு நாட்டில், பயணி மூன்றாவது நாட்டவர், சம்பவம் நடந்தது யாருக்கும் சொந்தமில்லாத கடலில். சர்வதேசக் கடலில் பொதுவாகக் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டின் அதிகாரம்தான். 2011இல் மெக்சிகோ கடற்பகுதியில் ஒரு கப்பலின் ஊழியரான 24 வயது பிரிட்டிஷ் பெண் காணாமல் போனார். கப்பலின் கொடி பஹாமாஸ் என்பதால், அங்கிருந்து ஒரே ஒரு போலீஸ்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

இதில் ஒரு தகப்பனின் பெயரைச் சொல்லியாக வேண்டும். கெண்டல் கார்வர். அவருடைய மகள் 2004இல் அலாஸ்கா செல்லும் கப்பலில் காணாமல் போனார். படுக்கையில் யாரும் படுத்த அடையாளம் இல்லை என்று அறைப் பணியாளர் மேலதிகாரியிடம் சொல்லியிருந்தார். உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டார்கள். பயணம் முடிந்ததும் அந்தப் பெண்ணின் பொருள்களை மூட்டை கட்டி வைத்தார்கள். யாரும் போலீசுக்குச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற வயதில் கார்வர் மற்றக் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் தொடங்கினார். அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் முன் போய் உட்கார்ந்தார். அந்தக் குடும்பங்கள் விடாமல் தட்டியதன் பலனாக 2010 ஜூலையில் கப்பல் பயணிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கைப்பிடிக் கம்பி குறைந்தது 42 அங்குலம், அதாவது மூன்றரை அடி உயரம் இருக்க வேண்டும். அறைக் கதவில் பார்வைத் துளை வேண்டும். அமெரிக்கர் ஒருவர் காணாமல் போனால் எஃப்.பி.ஐ.க்கு உடனே தெரிவிக்க வேண்டும். யாராவது கடலில் விழுந்தால் பதிவு செய்யும் அல்லது கண்டறியும் கருவி, கிடைக்கும் அளவுக்குப் பொருத்த வேண்டும். இந்தக் கடைசி விதியில் உள்ள ‘கிடைக்கும் அளவுக்கு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்னமும் வாக்குவாதம் நடக்கிறது.

உங்களில் சிலர் கப்பல் பயணத்துக்குத் திட்டமிட்டிருக்கிறீர்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. லட்சக்கணக்கானவர்கள் பத்திரமாகப் போய் வருகிறார்கள். ஏறியதும் கப்பலின் அவசர எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது கண்ணில் படாவிட்டால், ‘வந்துடுவாங்க’ என்று காத்திருக்காதீர்கள். கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்.

இப்போது, ஆரம்பத்தில் சொன்ன அந்த இன்னொரு காரணம்.

சில மாதங்களுக்கு முன் நம் குடியிருப்புப் பெரியவர் ஒருவர் காலை நடைக்குப் போய் நான்கு மணி நேரம் திரும்பவில்லை. நம் வாட்ஸ்அப் குழுவில் அன்று வந்ததை நான் மறுபடி எடுத்துப் படித்தேன். முதல் ஒரு மணி நேரத்தில் நாற்பதுக்கு மேல் செய்திகள். அவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்று ஒரே ஒருவர்தான் கேட்டிருந்தார். மற்றவை எல்லாம் கதைகள். பத்தாவது செய்திக்குள், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒடிசாப் பையன், நம் இரவுக் காவலாளி, அவன் பெயர் வந்துவிட்டது. ‘அவன் முழியே சரியில்லை’ என்று எழுதியிருந்தோம். எழுதியவர்களில் நானும் ஒருவன்.

பெரியவர் பக்கத்துத் தெருக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். செல்போனில் சார்ஜ் இல்லை. பத்திரமாக வந்து சேர்ந்தார். குழுவில் எல்லோரும் கைகூப்பும் படம் போட்டோம். அந்தப் பையனிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். யாரோ அவனுக்கு அந்தச் செய்திகளைக் காட்டியிருக்கிறார்கள்.

அந்த இசைக்கலைஞரைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல எனக்கு அருகதை இல்லை. குற்றவாளியா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் கேட்காமலே உலகம் அவருக்குத் தீர்ப்பு எழுதிவிட்டது என்பது மட்டும் தெரியும். நம் பையனுக்கு நாம் எழுதிய தீர்ப்போ தவறு என்று நமக்கே தெரியும்.

ஆகவே செயற்குழுவுக்கு மூன்று வேண்டுகோள். ஒருவரைக் காணவில்லை என்றால் முதல் அரை மணி நேரத்தில் வாயில் பதிவேட்டையும் கேமராப் பதிவையும் பார்க்கும் பொறுப்பை இருவர் பெயரில் எழுதி வையுங்கள். போலீசுக்குச் சொல்ல 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது சினிமா வசனம், அப்படி விதி எதுவும் இல்லை. 112க்கு உடனே அழைக்கலாம். குழுவில் அந்த நேரத்தில் புகைப்படம், உடை, கடைசியாகப் பார்த்த இடம், நேரம் ஆகிய நான்கைத் தவிர வேறு எதுவும் வரக்கூடாது. யார் பெயரும் வரக்கூடாது.

அந்தப் பையனின் எண் நம் மேலாளரிடம் இருந்தது. போன வாரம் அழைத்துப் பேசினேன். தெரிந்த அரைகுறை இந்தியில் மன்னிப்புக் கேட்டேன். ‘பரவாயில்லை அங்கிள், தாத்தா நல்லா இருக்காரா?’ என்று கேட்டான்.