சங்குக்காகப் போட்ட கோடு

(நம் சங்கத்தின் சந்திப்பு விழாவில், கோபாலபுரத்தில் ஆற்றிய உரை)



"ஏதாவது டெக்னிக்கலாப் பேசுப்பா, ஆனா யாருக்கும் தூக்கம் வரக் கூடாது" என்று செயலாளர் அண்ணன் உத்தரவு போட்டுவிட்டார். ஆகவே ஒரு டிராயிங்கைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அந்த டிராயிங்கில் ஒரே ஒரு கோடுதான் உண்டு. 1921-ல் பாக் நீரிணையின் மேல் போட்ட கோடு அது.

கச்சத்தீவு என்று சொன்னதும் முன்வரிசையில் சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. கோபாலபுரத்தில் நின்றுகொண்டு அந்தப் பெயரை எடுத்தால் அப்படித்தான். 1974-ல் முதலமைச்சராக இருந்த கலைஞர் கருணாநிதி அவர்களின் வீடு இந்தப் பேட்டையில்தானே இருக்கிறது! பயப்படாதீர்கள், நான் அரசியல் பேசப் போவதில்லை. யார் கொடுத்தார், யார் தடுத்தார் என்ற வாதத்தை உங்களில் பலர் என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். நான் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. குடிக்கத் தண்ணீர்கூட இல்லாத 285 ஏக்கர் நிலத்துக்கு வெள்ளைக்காரன் ஏன் மல்லுக்கு நின்றான்?

பதில் தீவின் மேல் இல்லை. அதைச் சுற்றியுள்ள கடலின் தரையில் இருக்கிறது. அங்கே சங்கு கிடந்தது. மன்னார் வளைகுடாப் பக்கம் முத்துச்சிப்பி கிடந்தது. இவற்றைக் கனிமம் என்று சொன்னால் இங்கே உள்ள ஜியாலஜிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் அந்தக் கால அரசாங்கங்கள் சங்கையும் முத்தையும் கனிமம் போலத்தான் நடத்தின. அடியிலே கிடக்கிறது, இடம்விட்டு ஓடாது, எல்லை குறித்துக் குத்தகைக்கு விடலாம், கஜானாவுக்குப் பணம் வரும். நம் கடற்கரையில் எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாயிற்று. 1906-ல் இலங்கை அரசு தன் முத்துப் படுகைகளை ஓர் ஆங்கிலேயக் கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கே கொடுத்தது. சில ஆண்டுகளில் சிப்பி வற்றிப்போய்க் கம்பெனியும் படுத்துவிட்டது என்பது வேறு கதை.

நம் பக்கத்தில் குத்தகை கொடுத்தவர் ராமநாதபுரம் ராஜா. 1880-ல் எழுதிய ஒரு குத்தகைப் பத்திரம், சாயவேர் எடுக்கும் உரிமையைப் பற்றியது. துணிக்குச் சிவப்பேற்றுகிற வேர் அது. அந்தப் பத்திரத்திலுள்ள தீவுகளின் பட்டியலில் கச்சத்தீவும் வருகிறது. 1913-ல் இன்னும் சுவாரசியம். இந்திய மந்திரியின் பெயரால் அரசாங்கமே ராஜாவிடமிருந்து சங்கு குளிக்கும் உரிமையை 15 ஆண்டுக்குக் குத்தகை எடுக்கிறது. அதிலும் கச்சத்தீவு உண்டு. அதாவது, அரசாங்கம் குத்தகைதாரர், ராஜா உரிமையாளர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு ஆண்டு கழித்து, 1921 அக்டோபரில், கொழும்பில் ஒரு மாநாடு. சென்னைப் பக்கம் சி.டபிள்யூ.இ. காட்டன் தலைமை, இலங்கைப் பக்கம் பி. ஹார்ஸ்பர்க் தலைமை. இரண்டு பேருமே ஒரே பேரரசரின் உத்தியோகஸ்தர்கள்தான். ஆனால் இந்தியா லண்டனில் இந்தியா ஆபீஸின் கீழ், இலங்கை காலனி ஆபீஸின் கீழ். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு! யார் எதுவரை சங்கும் முத்தும் எடுக்கலாம் என்று ஒரு மீன்வளக் கோடு போடுவதுதான் அஜெண்டா. கோடு கச்சத்தீவுக்கு மேற்கே 3 மைல் தள்ளிப் போக வேண்டும் என்று இலங்கை பிடிவாதம் பிடித்தது. சென்னைத் தரப்பு அதற்கு இணங்கியது. ஆனால் ஒரு நிபந்தனை: தீவு யாருக்குச் சொந்தம் என்ற உரிமைக் கோரிக்கையை இந்தக் கோடு பாதிக்காது. அந்த உடன்பாட்டுக்கும் முறைப்படியான ஒப்புதல் கிடைக்கவே இல்லை.

இங்கேதான் நம் தொழில் வருகிறது. 'இந்த அளவை இன்ன வேலைக்கு மட்டும் பயன்படுத்துக' என்று டிராயிங்கின் மூலையில் நோட் போடுகிறோம். பத்துக் கை மாறியபின் யார் நோட்டைப் படிக்கிறார்கள்? கோடு மட்டும் கண்ணில் படும். 1921 கோட்டின் கதியும் அதுதான். பின்னாளில் இலங்கை அதைத் தன் வாதத்துக்குச் சான்றாகக் காட்டியது. உரிமையை விட்டுக் கொடுக்கவில்லையே என்று நம்மவர்கள் நோட்டைக் காட்டினார்கள். 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி எல்லை தீவுக்கு மேற்கே சுமார் 1 மைலில் அமைந்தது. 3 மைல் 1 ஆனது. ஆனால் தீவு அந்தப் பக்கம் போனது. 1974 ஆகஸ்டில் தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஏப்ரலில், தீவை மீட்க வேண்டும் என்று மறுபடியும் ஒரு தீர்மானம்.

அந்த 1974 ஒப்பந்தத்தை முழுக்கப் படித்துப் பாருங்கள். ஐந்தாம் பிரிவு எல்லோருக்கும் தெரியும்: இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் தீவுக்குப் போய் வரலாம். ஏழாம் பிரிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எண்ணெய், எரிவாயு, மற்றக் கனிமம், மணல், ஜல்லி ஈறாக, எல்லையின் இரு பக்கமும் பரந்து கிடக்கும் படிவம் ஒன்றை ஒரு பக்கத்திலிருந்து எடுத்தால், எடுக்கும் முறையையும் வருமானப் பங்கீட்டையும் இரு நாடும் பேசி முடிவு செய்ய முயல வேண்டும். பூமிக்கடியில் உள்ளதற்குக் கோடு தெரியாது என்பதை எழுதியவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

மீனுக்கு மட்டும் அப்படி ஒரு ஏற்பாடு வரவில்லை. சங்கு நகர்ந்தாலும் தன் படுகைக்குள்ளேதான் நகரும், அதற்குக் கோடு பொருந்தும். மீன் அப்படியா? நீரோட்டத்தோடு போகும், பருவத்தோடு திரும்பும். 1976-ல் பரிமாறிய கடிதங்களின்படி ஒரு நாட்டு மீனவர் அனுமதியின்றி மறுநாட்டுக் கடலில் பிடிக்கக் கூடாது என்றாயிற்று. ராமேசுவரத்து விசைப்படகு தாண்டினால் சிறை, படகு பறிமுதல், சில நேரம் உயிரே போகிறது. அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும், போரினால் பல காலம் கடலுக்கே போக முடியாதிருந்த தமிழ் மீனவர்கள், தங்கள் வலையை நம் இழுவை மடி அறுத்துக்கொண்டு போகிறது என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. அடிமட்ட இழுவையை இலங்கை 2017-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. இருபுறமும் தமிழ்தான், இருபுறமும் அடுப்பெரிய வேண்டும்.

வேறு வழியே இல்லையா என்றால், அதே காலத்தில் வடதுருவத்துக்கருகே ஒரு வழி கண்டார்கள். ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளின் நிலக்கரிக்குப் பல நாடுகள் போட்டி. 1920 பிப்ரவரியில் பாரிஸில் ஒப்பந்தம்: ஆட்சி உரிமை நார்வேக்கு, சுரங்கம் தோண்டவும் மீன் பிடிக்கவும் கையெழுத்திட்ட நாடுகளின் மக்களுக்குச் சம உரிமை. பத்திரம் ஒருவர் பெயரில், பயன் பலருக்கு! பிரிட்டிஷ் இந்தியாவின் பெயராலும் அதில் கையெழுத்துண்டு. 2008-ல் நம் நாடு அங்கே 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையத்தைத் திறந்தது. லண்டனுக்கு இந்த வித்தை தெரிந்துதான் இருந்தது. கொழும்பு மேஜையில் பாக் நீரிணைக்கு அது எட்டவில்லை.

அந்த மேஜையில் உரிமையாளரான ராஜாவுக்கு நாற்காலி இல்லை. மூச்சைப் பிடித்துச் சங்கு குளித்தவனுக்கு வாசலில்கூட இடமில்லை.

நண்பர்களே, நம்மில் துறைமுகத்தில் இருப்பவர்கள் உண்டு, எண்ணெய்க் கம்பெனியில் இருப்பவர்கள் உண்டு, சர்வேயில் இருப்பவர்கள் உண்டு. நாளைக்கு உங்கள் மேஜைக்கும் கடலின்மேல் போடும் ஏதோ ஒரு கோடு வரும், ஒரு பிளாக் எல்லையாகவோ, குழாய்ப் பாதையாகவோ. கையெழுத்துப் போடுமுன் அந்தக் கோட்டின் மேல் தினமும் தொழிலுக்குப் போகிறவர் யார் என்று கேளுங்கள். அவரை ஒரு நாள் ஆபீசுக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்து, பேசவிடுங்கள். அப்புறம் நோட்டை எழுதுங்கள், கோட்டை விடப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

பந்தியில் இலை போட்டாயிற்று என்று செயலாளர் அண்ணன் கைகாட்டுகிறார்.