வந்தவர் என்ற பெயர்



பிழைப்புத் தேடி ஒரு நாட்டுக்கு வந்த மனிதனை அந்நாட்டார் எத்தனை காலம் "வந்தவன்" என்று அழைப்பர்? அவனுடைய மகனையும் அவ்வாறே அழைப்பரா? பேரனை? பேரனுடைய பேரனை? இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

நான் ஊவா மாகாணத்தில் ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபர். பதுளையைச் சுற்றிப் பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என விரிந்து கிடக்கும் தேயிலை மலைகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கல்வி அளிப்பது எம் போன்றோரின் தொழில். இப்பிள்ளைகளைப் பாடசாலையிற் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழைப் பார்க்கின்றோம். அதில் இனம் என்ற இடத்திற் பெரும்பாலும் "இந்தியத் தமிழர்" என்று எழுதப்பட்டிருக்கும். பிள்ளை இந்தியாவைக் கண்டதில்லை. தந்தை கண்டதில்லை. பாட்டனும் கண்டிருக்க மாட்டார். கோப்பித் தோட்டங்களில் வேலை செய்ய முதல் முதல் ஆட்கள் வந்ததன் இருநூறாவது ஆண்டு நிறைவை 2023ஆம் ஆண்டில் மலையக மக்கள் நினைவுகூர்ந்தார்கள். இருநூறு ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பெயர் இன்னும் முற்றாக நீங்கவில்லை.

இது மனித இயல்பு, எந்த நாட்டிலும் இப்படித்தான் நிகழும் என்று சிலர் கூறுவர். அது உண்மையா என்பதைச் சோதித்துப் பார்ப்பதற்கு வரலாறு நமக்கு ஒரு நல்ல வாய்ப்பைத் தந்திருக்கின்றது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழ்நாட்டின் அதே மாவட்டங்களிலிருந்து, அதே வறுமையாற் பிடர்பிடித்துத் தள்ளப்பட்டு, அதே வெள்ளைத் துரைமாரின் தோட்டங்களுக்கு மக்கள் சென்றனர். ஒரு பகுதியினர் மொரிசியஸ் தீவுக்கும், வேறொரு பகுதியினர் தென்னாபிரிக்காவின் நேற்றாலுக்கும், மற்றும் சிலர் மலாயா, பர்மா, பிஜி ஆகிய நாடுகளுக்கும் போயினர். ஒரே விதை ஐந்தாறு நிலங்களில் விதைக்கப்பட்டது. விளைவு எங்கும் ஒன்றாக இருந்திருந்தால் குறை விதையில் உள்ளது எனலாம். விளைவு ஒன்றாக இல்லை.

முதலில் மொரிசியஸைப் பாருங்கள். அடிமை முறை ஒழிந்த காலத்தில், 1834ஆம் ஆண்டு முதலாக, ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியத் தொழிலாளர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவில் இறங்கினர். அவர்கள் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தம் முடிந்த தொழிலாளியும் தன் புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே நடமாட வேண்டியிருந்தது. ஆயினும் 1968ஆம் ஆண்டில் அந்நாடு சுதந்திரம் பெற்றபோது அங்குப் பிறந்த தொழிலாளரின் சந்ததியார் அந்நாட்டின் பிரஜைகளாயினர். இன்று அந்நாட்டுப் பண நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. தைப்பூசக் காவடிக்கு அரசாங்க விடுமுறை உண்டு. அவர்களுடைய மூதாதையர் கப்பலிலிருந்து இறங்கிய கற்படிகள் உள்ள இடத்தை யுனெஸ்கோ நிறுவனம் 2006ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டது. அங்கே இனப்பூசல் இருந்ததில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சுதந்திரத்துக்குச் சற்று முன்னரே கலகம் நடந்தது. ஆனால் கூலியாக இறங்கியவனின் பேரன் நாட்டுக்கு உரியவனா என்ற கேள்வியை அந்நாட்டுச் சட்டம் அத்துடன் முடித்துவைத்தது.

அடுத்தது நேற்றால். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற "துரூரோ" என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டும். வெட்டி முடித்த ஆள் ஊரில் தங்குதல் கூடாது. இதுவே அங்கிருந்த வெள்ளையரின் எண்ணம். அதனால் 1895ஆம் ஆண்டில், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர் மீது ஆண்டுக்கு மூன்று பவுண் தலைவரி விதித்தனர். காந்தியடிகளின் தலைமையில் 1913ஆம் ஆண்டு நடந்த போராட்டத்திற் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் வேலையை நிறுத்தினர். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று, விடுதலையான சில நாட்களில் உயிர் நீத்தார். 1914ஆம் ஆண்டில் அவ்வரி நீங்கிற்று, மனப்பான்மை நீங்கவில்லை. 1961ஆம் ஆண்டில்தான் தென்னாபிரிக்க அரசாங்கம் இந்தியரை அந்நாட்டின் நிரந்தரக் குடிகளென ஒப்புக்கொண்டது. கறுத்த மக்களோடு சமமாக வாக்களிக்கும் உரிமை 1994ஆம் ஆண்டில் வந்தது.

மலாயாவுக்கு இலங்கையைப் போன்றே கங்காணி முறையில் ஆட்கள் சென்றார்கள். 1957ஆம் ஆண்டில் அந்நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில், அங்குப் பிறந்தவர்களும் நெடுங்காலம் வாழ்ந்தவர்களும் பிரஜைகளாவதற்கு வழி திறந்தது. ஆனால் பத்திரம் எழுதி வைக்காத ஏழைத் தோட்டத் தொழிலாளர் பலர் அந்த வழியிற் செல்லவில்லை. 1969ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் பிரஜையல்லாதார் வேலை செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று வந்தபோது அவர்களில் ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாடு திரும்ப நேர்ந்தது. பர்மாவிலோ 1942ஆம் ஆண்டுப் போர்க்காலத்திற் கால்நடையாக ஓடியவர் போக எஞ்சியோரும், 1964ஆம் ஆண்டில் வணிகம் தேசியமயமான பின், பெரும்பாலும் வெளியேறினர். சென்னைத் துறைமுகத்துக்கு அருகிலுள்ள பர்மா பஜார் அந்தக் கதையின் மிச்சம். பிஜியில் 1987ஆம் ஆண்டில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின் இந்திய வம்சத்தார் பெருந்தொகையாக நாட்டைவிட்டுச் சென்றனர். அதே பிஜியின் 2013ஆம் ஆண்டு அரசியலமைப்பின் கீழ், எவ்வினத்தவராயினும் பிரஜைகள் எல்லோரும் பிஜியர் என்றே அழைக்கப்படுகின்றனர்.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அவற்றுள் நம் ஊவாவுக்கும் இடம் இருந்தது. அடுத்த ஆண்டு சுதந்திரம் வந்தது. அதே ஆண்டில் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. இலங்கையிற் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்குப் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் கேட்டது. லயத்துக் காம்பராவிற் பிறந்தவனிடம் பூட்டனின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டால் அவன் எங்கே போவான்? 1949ஆம் ஆண்டில் மற்றொரு சட்டத்தின் மூலம் விண்ணப்பிக்க வழி செய்தார்கள். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன; உரிமை கிடைத்தவர் ஏறத்தாழ 1,34,000 பேர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவரும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகவில்லை.

பின்னர் 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 9,75,000 மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது என்று கணக்குப் பார்த்தார்கள். அந்த மிகுதியை 1974ஆம் ஆண்டிற் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் பங்காயினர். பதுளையிலும் அப்புத்தளையிலும் புகையிரத மேடைகளிற் கேட்ட அழுகையை அக்காலத்தவர் இன்றும் மறக்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிற் பாராளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறியது. 1948இலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

இவ்விடத்தில் ஒரு நியாயத்தையும் நாம் மறக்கலாகாது. ஊவாவின் சிங்களக் கிராமவாசிக்கு மனக்குறை இருந்தது. 1818ஆம் ஆண்டு ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கிய விதம் அவன் நெஞ்சில் ஆறாத புண். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அவனுடைய சேனை நிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் முடிக்குரியது எனக் கொள்ள இடமளித்தது. மலைகள் துரைமாரின் தோட்டங்களாயின. துரை பங்களாவில் இருந்தான். அவனைக் கிராமத்தவன் அடிக்கடி காண்பதில்லை. கண்ணுக்குத் தெரிந்தவன் அம்மலையில் நின்ற தொழிலாளி. அதனாற் கோபம் அவன்மேற் பாய்ந்தது. அந்தத் தொழிலாளிக்கோ, அம்மண்ணில் ஒரு சாண் கூடச் சொந்தமில்லை. நிலமிழந்தவனும் நிலமே இல்லாதவனும் ஒருவரை ஒருவர் பகைவராக எண்ணியது நம் மாகாணத்தின் பெருந்துயரம்.

குற்றத்தைச் சிங்களவர் தலையில் மட்டும் ஏற்றுவதும் முறையன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்களிற் சிங்கள இடதுசாரித் தலைவர்களும் இருந்தனர். மறுபுறம், இந்தியாவிலிருந்து வந்தவரை "வடக்கத்தியான்" என்றும் "கள்ளத்தோணி" என்றும் இழித்துரைத்த வாய்களிற் தமிழ் வாய்களும் உண்டு. தாயகம் என்று நம்பித் தமிழ்நாடு சென்றவர்கள் நீலகிரியில், கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலைத் தோட்டத்துக்கே போனார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் "சிலோன்காரர்". இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர். கணியன் பூங்குன்றனாரை மேடைதோறும் எடுத்துக்காட்டும் நாம் இதனைச் சிந்திக்க வேண்டும்.

மாறாக மற்றொரு காட்சியும் உண்டு. 1914ஆம் ஆண்டில் "கோமகட்டா மாரு" கப்பலில் வந்த இந்தியரைக் கரையிறங்க விடாமற் கனடா திருப்பி அனுப்பிற்று. அதே கனடா, 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் சென்ற இலங்கைத் தமிழரை ஏற்று, சில ஆண்டுகளிலேயே பிரஜைகளாக்கியது. 2016ஆம் ஆண்டிற் கோமகட்டா மாரு நிகழ்ச்சிக்காக அந்நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அவுஸ்திரேலியா 1901ஆம் ஆண்டு முதல் எழுதிவந்த வெள்ளையர் கொள்கையை 1973ஆம் ஆண்டில் முற்றாகக் கைவிட்டது. ஒரு நாட்டின் மனப்பான்மை இரத்தத்தில் ஊறியது, மாறாது என்று சொல்லுவோருக்கு இவை தக்க மறுமொழி.

ஆகவே, வந்தவர் என்ற பெயர் காலத்தால் தானாகக் கழலுவதில்லை என்பது தெளிவு. ஆறு தலைமுறை சென்றும் கழலாத இடமுண்டு. ஆறு ஆண்டிற் கழன்ற இடமும் உண்டு. முதலிற் சட்டம் அவரைக் குடியாக ஏற்க வேண்டும். அதன்பின் நிலமும் முகவரியும் பாடசாலையும் கிடைக்க வேண்டும். இறுதியில் அயலவன் மனம் ஒப்ப வேண்டும். நம் நாட்டில் முதலாவது நிறைவேறிற்று. இரண்டாவது அரைகுறையாக நிற்கின்றது. தனி வீட்டு இலக்கமின்றித் தோட்டத்தின் பெயருக்கே தபால் வரும் லயங்கள் இன்றும் ஊவாவில் உள்ளன. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை பணிபுரிவதற்குச் சட்டத்தில் இடம் வந்ததே 2018ஆம் ஆண்டில்தான். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அபாயமென்று அறிந்த பின்னும் அம்மக்கள் ஏன் விலகவில்லை என்று கேட்டவர்கள், விலகிச் செல்ல அவர்களுக்கு எங்கே நிலம் இருந்தது என்று கேட்கவில்லை.

மூன்றாவதைச் சட்டமன்றம் செய்ய முடியாது; வீடும் பாடசாலையும் செய்ய வேண்டும். இதற்கு இன்று ஒரு புதிய துணையும் வந்திருக்கின்றது. ஊவாவின் தோட்டத்துப் பெண்ணும் வெல்லஸ்ஸைச் சிங்களக் கிராமத்துப் பெண்ணும் ஒரே விமானத்தில் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்கின்றனர். அங்கே இருவரும் "வந்தவர்களே". கடவுச்சீட்டை எசமானிடம் கொடுத்துவிட்டு, மொழி தெரியாத சமையலறையில் இருவரும் ஒரே துன்பத்தை அறிகின்றனர். அவர்கள் திரும்பி வந்து தம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையில், நூறு மேடைப் பேச்சுகளிலும் கிடைக்காத பாடம் உண்டு. நம் பிள்ளை அங்கே எவ்வாறு நடத்தப்பட வேண்டுமென்று விரும்புகின்றோமோ, அவ்வாறே இங்குள்ள அயலானை நாம் நடத்துகின்றோமா? இக்கேள்வியை இன்றிரவு உணவு வேளையில் உங்கள் வீட்டாரோடு பேசிப் பாருங்கள் என்று கேட்டு விடைபெறுகின்றேன்.