சேர்ந்து நடக்கும் முதுமை

வன்னிப் பெருநிலம் சமதரை. குளமும் வயலும் காடும் கடலேரியுமே அதன் செல்வங்கள். பாறைக் குன்றுகள் சில ஆங்காங்கே உண்டேயன்றி, ஓங்கி உயர்ந்த மலையென்று சொல்லத்தக்கது அங்கே இல்லை. ஆயினும், மலையொன்றைக் கருத்திற்கொண்டு வீட்டை விட்டுக் கால்நடையாகப் புறப்படும் முதியோர் அந்நிலத்தில் உளர். அவர்கள் நாடும் மலை, இலங்கையின் தென்கிழக்கில், காடுகளுக்கு அப்பால் இருக்கும் கதிரமலை.

கதிர்காம பாதயாத்திரை வடக்கே தொண்டைமானாற்றங்கரையிலுள்ள செல்வச்சந்நிதியில் தொடங்குகிறது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி புதுக்குடியிருப்பின் ஊடாகவே போகின்றது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலைக் கண்டு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் எனக் கீழ்க்கரையோரமாக இறங்கி, உகந்தை முருகன் கோவிலை அடைவர் யாத்திரிகர். அதன்பின் குமணை, யால காடுகள். ஆடித் திருவிழாவின் கொடியேற்றத்தை ஒட்டி, அந்தக் காட்டுவழி சில நாட்களுக்கே திறந்துவிடப்படுகின்றது. முழு வழியையும் நடந்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேலாகும்.

இந்நெடுவழியில் நடப்போரைப் பார்த்தால் வியப்பு உண்டாகும். இளைஞர் உளர், ஆனால் நரைத்த தலைகளுக்கும் குறைவில்லை. உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியோர், வயலைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தோர், கணவரை இழந்த மூதாட்டியர் எனப் பலரும் ஒரே வரிசையில் செல்வர். அங்கே ஒருவரை ஒருவர் அழைக்கும் சொல் ஒன்றுதான்: ஆண்களைச் 'சாமி' என்பர், பெண்களை 'அம்மா' என்பர். உத்தியோகப் பெயரும் காணிக் கணக்கும் வீட்டுப் படலையோடு நின்றுவிடுகின்றன.

வெயில் ஏறுமுன் நடப்பதும், உச்சிப்பொழுதில் கோவில் மண்டபத்திலோ மரநிழலிலோ தங்குவதும், வெயில் தாழ்ந்தபின் மீண்டும் நடப்பதும் வழக்கம். ஊர்தோறும் மக்கள் மோரும் சோறும் கொடுத்து உபசரிப்பர். வேகமாக நடக்கக்கூடியவர் தம் வேகத்தை அடக்கிக்கொள்வர்; தளர்ந்தவரின் பொதியைக் காலில் வலுவுள்ளவர் வாங்கிக்கொள்வார். கூட்டத்தின் வேகத்தை நிருணயிப்பவர் முன்னால் செல்பவர் அல்லர், கடைசியாக வருபவரே. தனியே நடந்தால் மூன்றாம் நாளே திரும்பியிருக்கக்கூடிய ஒருவர் கதிரமலை உச்சிவரை போய்ச் சேருவதன் இரகசியம் இதுவன்றி வேறில்லை.

புதுக்குடியிருப்பு மக்களுக்கு நடை என்ற சொல் வேறொரு பொருளையும் தந்திருக்கின்றது. 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் இதே வீதியால், முள்ளிவாய்க்காலை நோக்கி, மக்கள் கூட்டங்கூட்டமாக இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு மே மாதத்தில் நந்திக்கடலின் வாயிலிலுள்ள வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வெளியேறினர். அந்நடையிலும் முதியோர் இருந்தனர். கைபிடித்து நடத்தப்பட்டோரும் உண்டு. வழியில் பிரிந்து, பின்னர் காணப்படாதோரும் உண்டு. செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம் 2012இல் மூடப்படும் வரை ஊர் திரும்பக் காத்திருந்தோரும் பலர்.

போர்க்காலத்தில் வடக்கிலிருந்து புறப்படும் யாத்திரை தடைப்பட்டிருந்தது. போர் ஓய்ந்தபின் மீண்டும் நடைபெறலாயிற்று. முல்லைத்தீவு வீதியால் செல்லும் யாத்திரிகர் வட்டுவாகலைக் கடந்தே ஆகவேண்டும். அன்று உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு கடந்த இடத்தை, இன்று ஊன்றுகோலும் தண்ணீர்ப் போத்தலுமாகக் கடக்கிறார்கள். இழந்ததை இந்நடை மீட்டுத் தருவதில்லை. ஆனால், துரத்தப்பட்டு நடந்த வழியில் தம் விருப்பத்தோடு, துணையோடு நடப்பது ஒரு மனிதருக்கு எத்தகைய ஆறுதல் என்பதை, நடந்தவர்களே அறிவர்.

ஆண்டில் ஒருமுறை கிடைக்கும் இத்துணை, ஏனைய நாட்களில் கிடைக்கின்றதா என்பதே கேள்வி. பிள்ளைகளைப் போரிலே இழந்தோரும், வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசி மணிக்குக் காத்திருப்போரும் வன்னிக் கிராமங்களில் பலர். தனிமையும் உடலைக் கெடுக்கும் என்பதை மருத்துவ உலகம் இன்று ஏற்றுக்கொள்கின்றது. உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் மக்களின் சமூகத் தொடர்பை ஆராய்வதற்கென ஓர் ஆணைக்குழுவையே அமைத்தது. அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என்பதும் அந்நிறுவனத்தின் அறிவுரை. நாளொன்றுக்கு அரைமணி நேரமாக, ஐந்து நாள் நடந்தாற் போதும்.

இதற்குக் கதிர்காமம் வரை போகவேண்டியதில்லை. இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. கிராமங்களில் முதியோர் சங்கங்களும் இயங்குகின்றன. கூட்டம் கூடி அறிக்கை வாசிப்பதோடு நில்லாமல், சங்கத்தார் வாரத்தில் சில நாட்கள் காலையில் குளக்கட்டு வழியே சேர்ந்து நடக்கலாம். மாதம் ஒருமுறை ஒரு கோவிலுக்கோ கடற்கரைக்கோ கட்டுச்சோற்றோடு போய்வரலாம். பழகிய கால்களே பின்னொரு நாள் மலையும் ஏறும்.

சில எச்சரிக்கைகளை மறத்தலாகாது. முதுமையில் தாகம் தெரிவது குறைவு. ஆகவே தாகம் எடுக்குமுன்னரே நீர் அருந்தவேண்டும். நீரிழிவு உள்ளோரின் பாதம் மரத்திருக்கக்கூடும்; கொப்புளம் வந்தாலும் வலி தெரியாது. ஒவ்வொரு நடைக்குப் பின்னும் பாதத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். மலையில் ஏறும்போது மூச்சு வாங்கும். முழங்காலுக்குச் சோதனை இறங்கும்போதுதான். அப்போது ஊன்றுகோல் உதவும்; தோழரின் தோள் அதனினும் உதவும். இதயநோய் உள்ளோர் மருத்துவரைக் கேட்டபின்னரே நெடுநடைக்குப் புறப்படவேண்டும்.

அயலில் ஒரு முதியவர் காலை வேளையில் திண்ணையில் தனியே அமர்ந்திருப்பாராயின், அவருக்கு வேண்டியது மருந்து மட்டுமன்று. படலையில் நின்று, "வாருங்கோ, குளக்கட்டு மட்டும் நடந்துவிட்டு வருவம்" என்று அழைக்கும் ஒரு குரல் வேண்டும். அக்குரலைக் கொடுக்கப் பணம் தேவையில்லை, சட்டமும் தேவையில்லை. கடைசியாக வருபவருக்காகக் காத்து நிற்கும் மனம் ஒன்றே போதுமானது.